அக்கா பாண்டிக்குப் போன வழி

சேலம் விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி விமான நிலையத்துக்குப் பறக்கும் நேரம் சுமார் நாற்பது நிமிடம். அக்காவின் மகள் கைப்பேசியில் எதையோ தேடும்போது இது கண்ணில் பட்டு, தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா உடனே எனக்கு ஃபோன் போட்டுவிட்டாள். நான் அப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே டவர் வரும், போகும். பெட்டியை மூடிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறி நின்று பேசினேன்.

"நாப்பது நிமிஷந்தாண்டி. நடுவுல எங்கயும் நிக்காதாம். தூரங்கூட இருநூறு கிலோமீட்டரு இல்லியாம். நீ லீவு போடு, ரெண்டு பேரும் போலாம்."

"எங்கக்கா?"

"இன்னாடி எங்கன்னு கேக்குற? சின்னவ வூட்டுக்குத்தான்."

நாங்கள் மூன்று பேரும் நைனார்பாளையத்தில் பிறந்தவர்கள். அக்காவை ஓமலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சேலத்துக்கு வரும் விமானம் அவர்கள் கடலைக் காட்டுக்கு மேலே தாழ்ந்துதான் இறங்கும். தங்கச்சி புதுச்சேரியில் இருக்கிறாள். லாஸ்பேட்டையில், அங்கே இருக்கிற விமான நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் நடுவில், கள்ளக்குறிச்சியில். கிராம சுகாதார செவிலியராக மலையில் வேலை.

அக்காவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது என்றால், பஸ் புறப்படுவதற்கு டிரைவர் இன்ஜினைப் போட்டாலே போதும், அவளுக்கு வாயில் தண்ணீர் ஊற ஆரம்பித்துவிடும். கல்யாணம் முடிந்து வேனில் போகும்போது மாலையைக் கழற்றி மாமா கையில் கொடுத்துவிட்டு ஆத்தூர் வரைக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே போனாள். பெண்ணை அனுப்புகிற துக்கத்தில் எங்கள் அப்பா அழுதார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அழுதது அவள் கோலத்தைப் பார்த்து. எலுமிச்சம்பழம், புளி, மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. மாத்திரை போட்டால் தூங்குவாள், எழுந்து வாந்தி எடுப்பாள், மறுபடி தூங்குவாள். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் சேலத்தில் ரயிலேறி, சீட்டில் சுருண்டு படுத்தபடி சின்னசேலம் வரை வருவாள். அதற்கே இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் வாரம் ஐந்து நாள் போய் வருகிறேன். வளைவுகளில் பாதி பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும். நான் பையில் பாலித்தீன் கவர் வைத்திருந்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் எனக்குத் தலை சுற்றியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அம்மா போனபோது தங்கச்சிக்கு விவரம் தெரியாத வயது. அவளைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து, எல்லாம் அக்காதான். ஆனால் தங்கச்சிக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அக்கா அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. முதல் பிரசவத்துக்குப் போகிறேன் என்று ஒருமுறை கிளம்பினாள். விருத்தாசலத்தில் வண்டி மாற வேண்டும். அங்கே பிளாட்பாரத்தில் இறங்கியவள் அடுத்த வண்டியில் ஏறவில்லை. மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மாமா வந்து திரும்ப அழைத்துப் போனார். அதன்பிறகு தங்கச்சிதான் வருவாள், பிள்ளைகளோடு. அக்கா போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த வருடம் தங்கச்சிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு வருடமாகக் கஷ்டப்பட்டாள். ஆபரேஷன் அன்று நான் கூட இருந்தேன். மயக்கம் தெளிந்துகொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்றாள். "இங்கதாம்மா இருக்கேன்" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "நீ இல்ல, பெரியக்கா" என்றாள். பிறகு அவளுக்கே அது ஞாபகமில்லை. நான் இதைச் சும்மா சிரிப்புக்காகத்தான் அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்கு நாலைந்து நாள் கழித்துத்தான் இந்த நாற்பது நிமிடச் சேதி.

மலையிலிருந்து இறங்கியதும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டிக்கெட் புக்கிங் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைத் தெரியும். அவர் மனைவிக்கு நான்தான் பிரசவத்துக்கு முன் ஊசி போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தார். சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் ஒரு கோடு போட்டிருந்தது. கோடு கல்வராயன் மலைமேல் ஏறி, சங்கராபுரம் பக்கமாக இறங்கி, கடற்கரையைப் பார்க்கப் போயிற்று. காலையில் நான் ஃபோன் பேசிய பாறைக்கு மேலே போகிற மாதிரிகூட இருந்தது.

"இது தூரத்த வச்சி கணக்கு போட்டு சொல்றதுங்க. எந்த ரெண்டு ஊரப் போட்டாலும் சொல்லும். அந்த ரூட்டுல ஃபிளைட்டு ஓடணும்னு கெடையாது."

"அப்ப ஃபிளைட்டு?"

"இல்லீங்க."

"இனிமே விடுவாங்களா?"

"யாருங்க ஏறுவாங்க? நாலஞ்சு மணி நேரத்துல கார்ல போயிடலாம். சுத்திப் போறதுன்னா போலாம். சேலத்துலருந்து பெங்களூரு, பெங்களூர்லருந்து பாண்டி. ஆனா நடுவுல காத்துக்கினு கெடக்கணும். பொழுது போயிடும். அதுக்கு யாருங்க போவாங்க?"

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். பின்னால் மாடு கத்திக்கொண்டிருந்தது.

"தெனம் என் தலைக்கு மேல வர்றது, அவ தலைக்கு மேலயும் போய்க்கினுதான இருக்குது. ரெண்டு ஊருக்கும் நடுவுல மட்டும் போவாதா?"

"போவாதுக்கா."

"பெங்களூரு வழியா போவுமா?"

"போவும். ஆனா அது இன்னொரு பக்கம்க்கா. வடக்கால போய்ட்டு, திரும்பக் கெழக்கால வரணும்."

"வர்றதுதான? அது பஸ்ஸு மாதிரி ஆடாதுடி. நான் தெனம் பாத்துக்கினு இருக்கேன். அசங்காம வந்து எறங்குது."

கீழே நின்று பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம்தான். நான் கேட்கவில்லை. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "போயிட்டு வரட்டும் புள்ள. இது வேணும்னு அவ கேட்டு நான் ஒருநாளும் பாத்ததில்ல. நீ மட்டும் கூடப் போ" என்றார். கடைக்காரர் இரண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

நான் முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் முந்தின இரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. காலையில் அரை டம்ளர் மோர் குடித்தாள், அவ்வளவுதான். முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்திருந்தாள். விமான நிலையம் அவர்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். "ஆட்டோ வாணாம், நடந்துடலாம்" என்றாள். மாமா பெட்டியை டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக்கொண்டு முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். விமானம் ஏற நடந்து வந்தவர்களை வாசலில் நின்ற போலீஸ்காரர் அதுவரை பார்த்திருக்க மாட்டார் போல. டிக்கெட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

சோதனை செய்த பெண் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "என்னம்மா இது?" என்றாள்.

"பழம்மா. வாந்தி வரும்."

"ஃபர்ஸ்ட் டைமா?"

"ஆமாம்மா."

"ஒன்னும் வராது, தைரியமா போங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

சின்ன விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெல்ட்டை நான் போட்டுவிட்டேன். காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் அவள் பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடினாள். நான் முன் சீட்டில் சொருகியிருந்த காகிதப் பையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டேன். விமானம் ஓடி, தூக்கி, மேகத்துக்குள் நுழைந்து குலுங்கியது. அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், அது கல்ராயன் மலதான? ஒன் மல?"

அது ஏற்காடாக இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காது அடைத்து, கழுத்தெல்லாம் வேர்த்து, எதிரே இருந்த சீட் பின்னால் போவதும் முன்னால் வருவதுமாக இருந்தது. அக்காவுக்காக வைத்திருந்த பையை நான் பிரித்துக்கொண்டேன்.

பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் என் பையும் நிரம்பி, அக்கா சீட்டில் இருந்த பையும் நிரம்பியது. அக்கா ஒரு கையால் என் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கையால் பழத்தை என் மூக்கில் வைத்தாள். "வாயால மூச்சு வுடு. வெளிய பாக்காத. கண்ண மூடாத, மூடுனா ஜாஸ்தியாவும். என் மூஞ்சப் பாரு." வாழ்நாள் முழுக்கத் தனக்குத் தானே செய்துகொண்டதை எனக்குச் செய்தாள். இறங்கும்போது விமானப் பணிப்பெண் அக்காவைப் பார்த்து, பாட்டிலில் தண்ணீர் கொடுத்து, "உங்க தங்கச்சிய பாத்துக்குங்க" என்று சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீசல் நாற்றம் இல்லாததாக இருக்கலாம். வெறும் வயிறாக இருக்கலாம். அவளைக் கேட்டால், "அதான் அப்பவே சொன்னேன்ல" என்பாள்.

பெங்களூரில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் சொன்னது போலத்தான் ஆயிற்று. நான் பெஞ்சில் படுத்துவிட்டேன். அக்கா சுறுசுறுப்பாக இருந்தாள். கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று ஒவ்வொரு விமானமாகப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். பயணத்தின் நடுவில் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, "பாதி வந்துட்டம்டி, ஒன் நடு அக்காதான் வாந்தி எடுத்துக்கினு கெடக்குறா" என்று சிரித்தாள்.

இரண்டாவது விமானத்தில் ஏறியபோது புதுச்சேரியில் மழை என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வெளியே எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஜன்னலில் தண்ணீர் கோடு கோடாக ஓடியது. இறங்கப்போகிறோம் என்று நினைத்தால் மறுபடி மேலே ஏறியது. சுற்றியது. மறுபடி இறங்கி, மறுபடி ஏறியது. விமானி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "கீழ ஒன்னும் தெரியலயாம். மெட்ராசுக்குப் போறாங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. "மெட்ராசா? பாண்டி கீழதான இருக்குது?"

"கீழதாம்மா இருக்கு. எறங்க முடியாது."

அவள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கீழே மூடிக்கிடந்த மேகத்தையே பார்த்தாள். தங்கச்சி வீடு அந்த நேரம் எங்களுக்கு நேர் கீழே எங்கோ இருந்திருக்கும். எங்கள் விமானச் சத்தம் கேட்டது என்று அவள் பிறகு சொன்னாள். சத்தம் வந்து, போய், வந்து, போனதாம். வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

சென்னையில் இறக்கிவிட்டு, புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்கள். வேன் வெளியே நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாடை வந்ததுமே அக்கா முகம் மாறுவதைப் பார்த்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இங்க ஒரு ரூம் எடுத்துத் தங்கிடலாம். மழ வுட்டா நாளைக்கு வேற வழி பாப்போம்."

"நாளைக்கும் மழ பெஞ்சா?"

"அப்படியே சேலத்துக்குக்கூடத் திரும்பிடலாம். இவ்ளோ தூரம் வந்ததே பெருசு."

என்னை முறைத்தாள். "விருத்தாசலத்துலயும் இப்படித்தாண்டி எல்லாரும் சொன்னீங்க" என்றாள். பிறகு வேனைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், "எனக்கு அந்த எடத்தக் குடுக்குறீங்களா சார்? எனக்கு வாந்தி வரும்" என்று கேட்டாள். அவர் உடனே இறங்கிவிட்டார்.

தாம்பரம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. டிரைவர் நல்ல மனிதர். வண்டியை ஓரம் கட்டினார். தண்ணீர் கொடுத்தார். செங்கல்பட்டுக்கு முன்னால் மறுபடி. அதற்குப் பிறகு அவர் ஓரம் கட்டப்போனபோது அக்கா கையைக் காட்டித் தடுத்தாள்.

"நிறுத்தாதீங்க தம்பி. நிறுத்துனா நேரமாவும். இவங்கல்லாம் வூட்டுக்குப் போவணும். நான் கவர்ல எடுத்துக்குறேன், நீங்க ஓட்டுங்க."

பின்சீட்டில் ஒரு பெண் முணுமுணுத்தது காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்திருக்கும். திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, எனக்கு இது பழக்கந்தான்" என்றாள். நான் என் பையில் இருந்த கவர்களை ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிக்கொண்டே வந்தேன். திண்டிவனம் வந்தபோது அவள் தலை கதவில் சாய்ந்திருந்தது. பயந்துபோய் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். "உயிரோடதாண்டி இருக்கேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாஸ்பேட்டை போய்ச் சேர்ந்தோம். தெருவெல்லாம் தண்ணீர். டிரைவர் எங்களைத் தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தங்கச்சி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அடிவயிற்றைக் கையால் தாங்கியபடி கேட்டில் நின்றாள். அக்கா இறங்கினாள். புடவை கசங்கி, முடி கலைந்து, உதடு காய்ந்திருந்தாள். தங்கச்சி கட்டிக்கொள்ள வந்தாள். அக்கா கையை நீட்டி நிறுத்தினாள்.

"இரு, கிட்ட வராத. நாத்தம். கொழா எங்க?"

வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்து, முகம் கைகால் கழுவினாள். பிறகுதான் தங்கச்சியின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். தங்கச்சி சத்தம்போட்டு அழுதாள். "அழுவாதடி, தையலு பிரிஞ்சிக்கும்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா அழவில்லை. மெல்ல உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். பிள்ளைகள் படிக்கும் மேசை, சமையலறை அலமாரி, பின்னால் துணி காயப்போடும் இடம் எல்லாவற்றையும் பார்த்தாள். "ஃபோட்டோவுல பெருசா தெரிஞ்சிது" என்றாள். பாயைப் போட்டுப் படுத்தவள் மறுநாள் பொழுது விடிந்துதான் எழுந்தாள்.

எழுந்ததும் சமையலறையை எடுத்துக்கொண்டாள். நான் இரண்டு நாள் இருந்துவிட்டு, பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். அக்கா ஒன்றரை மாதம் இருந்தாள். தங்கச்சிக்குப் பத்தியம் பார்த்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். மாமா தினம் ஃபோன் போட்டு, குழம்புக்குப் புளி எவ்வளவு, மாட்டுக்குத் தவிடு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தங்கச்சி என்னிடம், "பக்கத்து வூட்டுல எல்லார்கிட்டயும் எங்கக்கா எங்கக்கான்னு இழுத்துக்கினு போயி காட்டுறேன், அது வெக்கப்படுது" என்று சொன்னாள்.

திரும்பி வருவதற்கு விமானம் பார்க்கலாமா என்று கேட்டேன். "வாணாம். ஃபிளைட்டு, வேனு ரெண்டுந்தான் பாத்துட்டனே" என்றாள். தங்கச்சி வீட்டுக்காரர் வாடகைக்கு ஒரு கார் எடுத்தார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவசரமில்லாமல் வந்தோம். கொஞ்ச தூரம் ஓட்டுவது, நிறுத்துவது, அவள் இறங்கி நடப்பது, மறுபடி ஏறுவது. விழுப்புரத்தில் நின்றோம். அப்புறம் திருநாவலூரில் கோயில் வாசலில் நிறுத்தினோம். அக்கா உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. எதிர்க் கடையில் இட்லி வாங்கி வந்தேன்.

"இங்கருந்து நைனார்பாளையம் எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

"பொறந்த ஊருக்கு இவ்ளோ கிட்டத்துல இந்தக் கோயில் இருக்குதுன்னே தெரியல பாரு. எந்த ரோட்டுலயும் நான் தல நிமுந்து வெளிய பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு, இட்லியில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் சின்னசேலத்தில் ரயிலேறிப் போனாள். தீபாவளிக்கு மறுபடி பாண்டிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். இதே மாதிரி நின்று நின்று போக வேண்டுமாம். காரில் முன் சீட்டு தனக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.